நிழலில் வளரும் மரம்: ஹெம்லொக் நடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய இரண்டாவது வருடம், ஹெம்லொக் என்ற ஊசியிலை மரத்தின் நான்கு கன்றுகளை வாங்கினேன். வடக்கே ஒரு காட்டுப்பாதையில் கண்டு மயங்கிய மரம் அது. ஓடைக்கு மேலே கிளைகளை விசிறிபோல விரித்து, நுனிகள் மெல்லத் தாழ்ந்து நின்றது. அதைத் தினமும் வாசலில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது எங்கே நிற்க விரும்பும் என்று யோசிக்கவில்லை. மூன்று கன்றுகளை வீட்டின் முன்னால், கார் நிறுத்தும் பாதையோரம் வரிசையாக நட்டேன். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கப் பாதையில் தூவிய உப்பு பனியோடு கரைந்து வேருக்கு இறங்கியது. கோடையில் தெற்கு வெயில் நேரே விழுந்தது. அடுத்த இளவேனிலில் மூன்றும் செம்பழுப்பாகக் காய்ந்து நின்றன.

நான்காவதுக்கு முன்னால் இடம் போதவில்லை. பின்வளவின் வடகிழக்கு மூலையில், அயல்வீட்டு மேப்பிள் மரத்தின் நிழலில் வைத்தேன். அதற்கு நான் தனியாக எதுவும் செய்யவில்லை. இன்று அது என்னைவிட உயரமாக நிற்கிறது.

ஹெம்லொக் வளர்ப்பைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி அந்த நான்கு கன்றுகள் கற்றுத் தந்ததுதான். இடம் பொருந்தினால் இந்த மரம் உங்களிடம் அதிகம் எதிர்பார்க்காது. இடம் பிழைத்தால் எந்தப் பராமரிப்பும் அதைக் காப்பாற்றாது. ஆகையால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சோக்கிரட்டீஸ் குடித்தது இதுவல்ல

ஹெம்லொக் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த நஞ்சுக் கோப்பைதான் நினைவுக்கு வரும். என் அம்மாவும் முதலில் அதைத்தான் கேட்டார்: "பிள்ளைகள் விளையாடுகிற வளவில் ஏன் நச்சு மரம் வைக்கிறாய்?" சோக்கிரட்டீஸின் உயிரைக் குடித்தது மரமல்ல, அதே பெயருள்ள ஒரு செடி. கொத்தமல்லி, கரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டில் ஊதா நிறப் புள்ளிகள் இருக்கும். வெள்ளைப் பூக்கள் குடைபோல விரியும். அந்தச் செடி ஒன்ராறியோவின் வீதியோரங்களிலும் முளைக்கிறது, ஆகவே அதை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் ஹெம்லொக் மரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மரத்தின் இலையைக் கசக்கினால் அந்தச் செடியின் வாசம் வந்ததாக ஐரோப்பியக் குடியேறிகள் நினைத்தார்கள் என்றும், பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வார்கள்.

மரம் பைன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பேரினப் பெயரான 'சூகா' ஜப்பானிய மொழிச் சொல். ஜப்பானிலும் சீனாவிலும் இமயமலையிலும் இதன் உறவு மரங்கள் உண்டு. வட அமெரிக்காவுக்கே உரியவை நான்கு: கிழக்கு ஹெம்லொக், கரோலினா ஹெம்லொக், மேற்கு ஹெம்லொக், மலை ஹெம்லொக். கடைசி இரண்டும் பசிபிக் கரைப் பக்கத்தவை. ரொறன்ரோவைச் சுற்றி வாழ்கிற நமக்குச் சொந்தமானது கிழக்கு ஹெம்லொக். நோவா ஸ்கோஷியாவிலிருந்து மேற்கே மினசோட்டா வரையும், தெற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் வழியாக ஜோர்ஜியா, அலபாமா வரையும் அதன் நாடு பரந்திருக்கிறது. பென்சில்வேனியா 1931 முதல் இதைத் தன் மாநில மரமாக வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் கிழக்கு ஹெம்லொக்கைப் பற்றியதே.

முதல் வேலை: மரத்தை அடையாளம் காணுங்கள்

வாங்குவதற்கு முன் காட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் பள்ளத்தாக்குச் சரிவுகளில் பார்க்கலாம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போங்கள். அங்கே ஹெம்லொக்கின் பெயரையே தாங்கிய நடைபாதை ஒன்று இருக்கிறது.

ஊசியிலை மரங்கள் எல்லாம் புதியவருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். எனக்கும் முதலில் சவுக்கு மரத்தின் ஞாபகம்தான் வந்தது. ஆனால் ஒரு சிறு கிளையைக் கையில் பிடித்துப் புரட்டிப் பார்த்தால் ஹெம்லொக் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊசிகள் தட்டையானவை, கட்டையானவை. ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். மேற்பக்கம் கரும்பச்சை. அடிப்பக்கத்தில் இரண்டு வெண்கோடுகள் ஓடும். ஒவ்வொரு ஊசிக்கும் நூல்போன்ற சிறு காம்பு இருக்கும். கிளையின் முதுகில், மற்ற ஊசிகளைவிட மிகச் சிறிய ஊசிகள் ஒரு வரிசையாக மல்லாந்து படுத்திருக்கும். இந்தக் கடைசி அடையாளத்தைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். காய்கள் கட்டைவிரல் நகத்தளவுதான், இரண்டு சென்ரிமீற்றர். கிளை நுனிகளில் தொங்கும். இத்தனை பெரிய மரத்துக்கு இத்தனை சின்னக் காயா என்று பார்க்கிறவர்கள் வியப்பார்கள். தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளமும் ஒன்று உண்டு: மரத்தின் உச்சித்தளிர் நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கம் வளைந்து தொங்கும்.

பால்சம் ஃபேர் என்ற மரத்தின் ஊசியிலும் வெண்கோடுகள் உண்டு. ஆனால் அதன் ஊசி நீளமானது, காம்பில்லாதது. காய்கள் கிளையின் மேல் மெழுகுதிரிபோல நிமிர்ந்து நிற்கும். ஸ்புரூஸ் ஊசி நான்கு பட்டையுடையது, விரலால் உருட்டலாம், குத்தும். இவற்றை மாற்றி எடுத்தால் பெரிய நட்டமில்லை. யூ என்ற செடியை மாற்றி எடுப்பதுதான் ஆபத்து. அது கடுமையான நஞ்சு. அதன் ஊசிகளும் தட்டையானவை. ஆனால் நுனி கூரானது, அடிப்பக்கம் வெளிர்பச்சையே தவிர வெண்கோடுகள் கிடையாது, காய்க்குப் பதில் சிவந்த சதைப்பற்றுள்ள பழம் இருக்கும். ஹெம்லொக் தளிரில் தேநீர் போடலாம் என்று கேள்விப்பட்டு வளவில் நிற்கிற எதையாவது பறித்துவிடாதீர்கள். இந்த நகரத்தில் வீட்டு வாசல்களில் அழகுக்காக வெட்டி நிறுத்தியிருக்கும் புதர்களில் பல இந்த யூ செடிகளே.

இந்த மரத்தின் பொறுமை

ஹெம்லொக்கின் இயல்பை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போதும். முழு வெயிலில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து வீத ஒளி கிடைத்தாலும் இது உயிர்வாழும். கிழக்குக் காடுகளில் இந்த அளவுக்கு நிழலைத் தாங்குகிற மரம் வேறு கிடையாது என்றே சொல்லலாம். பெரிய மரங்களின் அடியில், விரல் பருமனுள்ள கன்றாக நூறு வருடங்கள் காத்திருக்கும். கைப்பிடி அளவு தடித்த மரத்துக்கு இருநூறு வயது இருக்கக்கூடும். மேலே ஒரு முதிர்ந்த மரம் சாய்ந்து வெளிச்சம் விழுகிற நாளில் அது வளரத் தொடங்கும். முழுமையான வளர்ச்சிக்கு 250 முதல் 300 வருடங்கள் எடுக்கும். எண்ணூறு வருடங்களுக்கு மேலும் வாழும். சாதாரணமாக 20 முதல் 30 மீற்றர் உயரம் போகும். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் 50 மீற்றரைத் தாண்டிய மரங்களும் அளக்கப்பட்டிருக்கின்றன.

காட்டில் அது செய்கிற வேலையும் நிழலோடு சேர்ந்ததே. ஓடைக்கரை ஹெம்லொக்குகள் கோடையிலும் தண்ணீரைக் குளிராக வைத்திருக்கும். புரூக் ட்ரவுட் மீனுக்கு அந்தக் குளிர் வேண்டும். அடர்ந்த கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் மரத்தடியில் பனி ஆழமாகக் குவியாது. வெண்வால் மான்கள் பனிக்காலத்தில் கூட்டமாக அங்கே ஒதுங்கும். இங்குள்ள முள்ளம்பன்றி மரம் ஏறும்! நமது ஊர் முள்ளம்பன்றியை நினைத்தால் நம்பக் கடினம்தான். பனிக்காலத்தில் ஹெம்லொக் உச்சியில் அமர்ந்து கிளை நுனிகளைக் கடித்துக் கீழே போடும். கீழே மான் அதைப் பொறுக்கித் தின்னும்.

இத்தனை நிழல் தாங்குகிற மரத்துக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. வேர் ஆழமாக இறங்காது, மேல்மண்ணிலேயே பரவும். அதனால் வரட்சி, வெப்பம், உப்பு, கடுங்காற்று, வேரின் மேல் நடக்கிற கால்கள், இவை ஒவ்வொன்றும் அதை வாட்டும். பின்னால் சொல்லப்போகிற நடவு முறைகள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்தே வருகின்றன.

எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படும்

நமது ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டை எப்படியோ, கிழக்கு வட அமெரிக்காவில் ஹெம்லொக் பட்டை அப்படி. உலர்ந்த பட்டையில் 7 முதல் 12 வீதம் வரை துவர்ப்புச் சத்து உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இந்தப் பட்டையைத் தேடித் தொழிற்சாலைகள் காட்டுக்குள் நகர்ந்தன. நியூ யோர்க் மாநிலத்தின் கற்ஸ்கில் மலைகளில் சாடோக் பிராட் என்பவர் 1824-இல் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார். அவர் பெயரால் பிராட்ஸ்வில் என்ற ஊரே உருவானது. பக்கத்தில் டனர்ஸ்வில் என்ற ஊரும் இருக்கிறது. தோல் பதனிடுகிறவர்களின் ஊர் என்பதே பொருள். ஒன்ராறியோவில் மஸ்கோகாப் பகுதியின் பட்டறைகளும் இதே பட்டையை நம்பி நடந்தன. கோடையின் தொடக்கத்தில், மரத்தில் சாறு ஓடும்போதுதான் பட்டை இலகுவாக உரியும். மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு, தண்டைப் பெரும்பாலும் காட்டிலேயே உக்க விட்டுவிட்டார்கள். மூன்று நூற்றாண்டுகள் நின்ற மரம் செருப்பின் அடித்தோலுக்காக விழுந்தது. அதைப் படித்த நாளிலிருந்து செந்நிறமான பழைய தோற்பொருளைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஹெம்லொக் பட்டை தோலுக்குக் கொடுக்கிற நிறம் அது.

இந்த மண்ணின் முதற்குடி மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே பட்டையைச் சாயத்துக்கும் மருந்துக்கும், தளிரைத் தேநீருக்கும் பயன்படுத்தினார்கள். தளிரில் உயிர்ச்சத்து சி உண்டு. மே மாதக் கடைசியில் வருகிற இளம்பச்சைத் தளிர் நுனிகளைச் சூடான தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் எலுமிச்சைச் சாயலில் புளிப்பு வரும். மரத்தை உறுதியாக அடையாளம் கண்ட பிறகே பறியுங்கள். மருந்து அடித்த மரத்தில் பறிக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

பலகையைப் பொறுத்தவரை இது தளபாட மரமல்ல. சிம்பு எழும்பும், வெடிக்கும், கணுக்கள் கல்போல இருக்கும். ஆனால் ஆணியை இறுகப் பிடிக்கும். அதனால் பண்ணைக் கொட்டகைகளின் உத்தரங்களாகவும் ரயில் தண்டவாளக் கட்டைகளாகவும் நின்று உழைத்தது. இன்றும் ஒன்ராறியோவின் சிறு மரவாடிகளில் சீவாத ஹெம்லொக் பலகை மலிவாகக் கிடைக்கும். மரக்கறிப் பாத்திகளுக்கு நான் அதைத்தான் வாங்குகிறேன். இரசாயனம் ஏற்றாத பலகை என்பதால் கத்தரியும் மிளகாயும் நடப் பயமில்லை. சில வருடங்களில் உக்கும், மாற்ற வேண்டியிருக்கும். அடுப்பில் எரிக்க ஏற்றதல்ல, பொறி தெறிக்கும். நத்தார் மரமாகவும் உதவாது. வெட்டியதும் ஊசிகள் உதிர்ந்துவிடும்.

வளவில் இதன் முதன்மையான பயன் வேலி. யாழ்ப்பாணத்தில் கிளுவைக் கதியால் வேலி பார்த்து வளர்ந்தவர்களுக்கு உயிர்வேலியின் அருமை சொல்லத் தேவையில்லை. ஹெம்லொக் கத்தரிப்பைத் தாங்கும். உள்ளே மறைந்திருக்கிற மொட்டுகளிலிருந்து மறுபடி துளிர்க்கும். பெரும்பாலான ஊசியிலை மரங்களுக்கு இந்தக் குணம் இல்லை. வீட்டின் வடக்குப் பக்கத்தில், சீடார் வேலி அடிப்பகுதி மொட்டையாகி நிற்கிற நிழலில்கூட ஹெம்லொக் தரை வரை பச்சையாக நிற்கும்.

இடம் தேடுதல்

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி என்று மூன்று முறை வளவுக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காலை வெயில் பட்டு, மதியத்துக்குப் பிறகு நிழலாகிற இடம் மிக நல்லது. வீட்டின் வடக்கு, கிழக்குப் பக்கங்கள் பெரும்பாலும் பொருந்தும். முழு வெயிலிலும் வளரும், ஆனால் மண் காயாத இடமாக இருக்க வேண்டும்.

பிறகு உப்பு. வீதி, நடைபாதை, கார்ப்பாதை ஆகியவற்றிலிருந்து உப்பு கலந்த பனியை எங்கே தள்ளிக் குவிக்கிறீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தக் குவியல் உருகி ஓடுகிற வழியில் இந்த மரத்தை வைக்காதீர்கள். பனிக்காலத்து மேற்குக் காற்று நேரே அறைகிற மூலையும் வேண்டாம். ஊசிகள் காய்ந்து பழுக்கும்.

மண்ணைச் சோதிப்பது எளிது. ஓர் அடி ஆழத்துக்குக் கிடங்கு தோண்டித் தண்ணீரால் நிரப்புங்கள். அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, நேரத்தைப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் போதும். மறுநாளும் தேங்கி நின்றால் வேர் அழுகும். ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது. ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துப் புதுக்குடியிருப்புகளில் மேல்மண்ணை வாரிக்கொண்டுபோய் அடிக்களியை விட்டுவிடுவார்கள். அங்கே அலவாங்கு போடாமல் கிடங்கு வராது. அப்படிப்பட்ட இடத்தில் சற்று மேடாக மண் உயர்த்தி நடுங்கள். ஓரளவு அமிலத்தன்மையுள்ள மண்ணையே இந்த மரம் விரும்பும்.

இறுதியாக, வளர்ந்த மரத்தின் அகலத்தை நினையுங்கள். தனி மரமாக விட்டால் கிளைகள் எட்டுப் பத்து மீற்றர் பரவும். வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து ஆறு மீற்றராவது தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்குக் குட்டையாகவே நிற்கிற வகைகளும் தோட்டக் கடைகளில் கிடைக்கின்றன.

கன்று வாங்குதல்

ஒன்ராறியோவிலேயே வளர்த்த கன்றா என்று கேளுங்கள். தூர இடத்திலிருந்து வந்த கன்றோடு பூச்சியும் வரலாம். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். காட்டிலிருந்து பிடுங்கி வரவே கூடாது. அது சட்டப்படியும் பிழை, அந்த வேர் பிழைப்பதும் அரிது. முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரையான கன்றே போதும். பெரிய மரத்துக்குப் பெரிய பணம் கொடுத்தவர்கள் அதிகம் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். சிறு கன்று வேகமாக வேர்பிடித்துவிடும். கிளைகளைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் தெரிந்தால் வாங்காமல் திரும்புங்கள்.

நடுதல்

ஏப்ரல் கடைசி முதல் மே வரை ஒரு காலம். ஆகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் வரை இன்னொரு காலம். ஜூலை வெயிலில் நட வேண்டாம்.

தோண்டுவதற்கு ஒரு வாரம் முன்பே 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவியுங்கள். நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து குறித்துத் தருவார்கள். இது சட்டக் கடமை.

கிடங்கு அகலமாக இருக்கட்டும், ஆழமாக வேண்டாம். வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழம் வேர்க்கட்டியின் உயரத்தைவிட ஒரு விரலளவும் அதிகமாக இருக்கக் கூடாது. தண்டு விரிந்து வேராக மாறுகிற இடம் நில மட்டத்துக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைப்பதால் இறக்கிற கன்றுகள் பல. சாடியில் வளர்ந்த வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்து விடுங்கள். சாக்கில் கட்டி வந்திருந்தால், கிடங்கில் இறக்கிய பிறகு கயிற்றையும் கம்பியையும் வெட்டி எடுத்து, சாக்கின் மேற்பாதியையும் அகற்றுங்கள். தோண்டிய அதே மண்ணால் நிரப்பி, இடையில் ஒருமுறை தண்ணீர் விட்டு மண்ணை அமர விடுங்கள். காலால் மிதித்து இறுக்க வேண்டாம்.

அடுத்தது மூடாக்கு. காட்டில் இந்த மரத்தின் காலடியில் எப்போதும் உக்கிய இலைப்படுக்கை இருக்கும். வளவில் அதை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். மரப்பட்டைத் துண்டுகளோ உக்கிய இலையோ, ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றர் தடிப்பில், கிளைகள் பரவுகிற அளவுக்கு வட்டமாகப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விலக்கி வையுங்கள். இலையுதிர்காலத்தில் அயலவர்கள் கடதாசிப் பைகளில் கட்டி வீதியோரம் வைக்கிற மேப்பிள் இலைகளை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

வேலிக்கு என்றால் கன்றுக்குக் கன்று ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் இடைவெளி போதும்.

முதல் மூன்று வருடங்கள்

தண்ணீர்தான் வேலை. மழை இல்லாத வாரங்களில், வாரத்துக்கு ஒருமுறை இருபது லீற்றர், மெதுவாக, வேர்ப்பகுதி முழுவதும் இறங்கும்படி விடுங்கள். கடும் வெப்பத்தில் இரண்டு முறை. விரலை மூடாக்குக்கு அடியில் செருகிப் பாருங்கள். மண் குளிர்ச்சியாக இருந்தால் விட வேண்டாம். நிலம் உறைவதற்கு முன், நவம்பரில், ஒருமுறை நன்றாக நனைத்து விடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பச்சை ஊசிகள் பனிக்காலக் காற்றிலும் ஈரம் இழக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் அதை ஈடுசெய்ய முடியாது.

உரம் போடாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். தழைச்சத்து உரம் போட்ட ஹெம்லொக்கில், கீழே சொல்லப்போகிற பஞ்சுப் பூச்சி இன்னும் செழித்துப் பெருகும் என்பது ஆய்வில் கண்ட உண்மை. இலை மக்குப் பசளையே தாராளம்.

மான், முயல் உலவுகிற இடமானால் முதல் சில பனிக்காலங்களுக்குக் கம்பிவலை கட்டுங்கள். வேலியைக் கத்தரிப்பது ஜூன் கடைசியில், புதுத்தளிர் விரிந்த பிறகு. அடி அகலமாகவும் மேல் ஒடுக்கமாகவும் வெட்டினால் கீழ்க்கிளைகளுக்கும் ஒளி கிடைக்கும். தனி மரத்தில் கத்தரிக்கோலே வைக்காதீர்கள். அந்த வளைந்த உச்சியை நிமிர்த்திக் கட்டவும் முயலாதீர்கள், அது அப்படித்தான். மரம் பெரிதான பிறகு இன்னொன்றும் உண்டு: ரொறன்ரோவில் தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றரைத் தொட்டுவிட்டால் உங்கள் சொந்த வளவு மரத்தையும் நகராட்சி அனுமதியின்றி வெட்ட முடியாது.

விதையிலிருந்து தொடங்க விரும்பினால்

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒருமுறையாவது செய்து பார்க்கலாம். செப்டெம்பர் கடைசி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை, காய்கள் பழுப்பாகி இன்னும் விரியாத நிலையில் பறித்து, கடதாசியில் பரப்பி உலரவிட்டால் செதில்கள் திறந்து சிறகுள்ள விதைகள் கொட்டும். ஒரு கிலோ எடைக்கு நான்கு இலட்சம் விதைகள் பிடிக்கும், அவ்வளவு சிறியவை. ஈர மணலில் கலந்து, பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் பத்து வாரங்கள் வையுங்கள். இந்தக் குளிர்காலம் கிடைக்காவிட்டால் பெரும்பாலான விதைகள் முளைக்காது. பிறகு ஈரமான இலைமக்கின் மேல் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல் தெளித்து, 15 பாகை செல்சியஸ் அளவிலான குளிர்ந்த நிழலில் வையுங்கள். நாலில் ஒன்று முளைத்தாலே நல்ல பலன். முதல் வருடத்தில் நாற்று மூன்று சென்ரிமீற்றர்தான் உயரும். வேர் ஒன்றரை சென்ரிமீற்றர்கூட இறங்கியிராது. ஒரே ஒரு நாள் மண் காய்ந்தால் நாற்றுகள் போய்விடும். காட்டில் இவை உக்கிய மரக்கட்டைகளின் மேல் முளைப்பது ஏன் என்பது அப்போது விளங்கும்: கட்டை எப்போதும் ஈரம் பிடித்து வைத்திருக்கும்.

பஞ்சுப் பூச்சி: நடுகிறவரின் கடமை

ஹெம்லொக் கம்பளிப் பூச்சி என்று இதை அழைக்கலாம். மயிர் சிலிர்த்து ஊர்கிற நமது கம்பளிப்பூச்சி அல்ல. ஒன்றரை மில்லிமீற்றருக்கும் சிறிய, சாறு உறிஞ்சும் பூச்சி. ஊசி கிளையோடு சேர்கிற இடத்தில் ஒட்டி, மரம் சேமித்து வைத்த உணவை உறிஞ்சும். தன்னைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு கட்டிக்கொள்ளும். ஊசி சாம்பல் நிறமாகி உதிரும், புதுத்தளிர் வராது, நாலு முதல் பதினைந்து வருடங்களுக்குள் மரம் இறக்கும். வட அமெரிக்காவின் கிழக்கில் உள்ளவை எல்லாம் பெண் பூச்சிகளே. இணை சேராமலே வருடத்துக்கு இரண்டு தலைமுறை பெருகும். ஒரு பூச்சி தவறி வந்தாலும் போதும்.

ஜப்பானிலிருந்து வந்த இந்தப் பூச்சி, 1951-இல் வேர்ஜீனியாவின் ரிச்மண்ட் அருகே முதலில் கண்டறியப்பட்டது. அப்பலாச்சியன் காடுகளில் எண்ணற்ற மரங்களைக் கொன்றபடி வடக்கே நகர்ந்தது. ஒன்ராறியோவில் 2012-இல் எற்றோபிக்கோவிலும் 2013-இல் நயாகராப் பள்ளத்தாக்கிலும் கண்டு அகற்றினார்கள். 2019-இல் நயாகராப் பகுதியில் மறுபடி தென்பட்டது. 2022-இல் ரொறன்ரோவுக்குக் கிழக்கே கிராஃப்டனில் கண்டார்கள். நோவா ஸ்கோஷியாவில் 2017 முதல் இருக்கிறது. அங்கே கெஜிம்குஜிக் தேசியப் பூங்காவின் முதுமரங்களையும் எட்டிவிட்டது. முன்பு பனிக்காலத்துக் கடுங்குளிர் இதைத் தடுத்து வைத்திருந்தது. குளிர் தணியத் தணிய அந்த அரண் பலவீனமாகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது வருடத்துக்கு ஒருமுறை, அரை மணி நேர வேலை. பெப்ரவரி முதல் மே வரையான காலத்தில் பஞ்சு தெளிவாகத் தெரியும். தாழ்ந்த கிளைகளைப் பிடித்துப் புரட்டி, ஊசிகளின் அடியைப் பாருங்கள். புயலுக்குப் பிறகு மேலிருந்து விழுந்த நுனிகளையும் எடுத்துப் பாருங்கள்; பூச்சி பெரும்பாலும் உச்சியில்தான் தொடங்கும். குஞ்சுகள் காற்றிலும் பறவைகளின் காலிலும் ஒட்டிப் பரவும். ஆகவே ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஹெம்லொக் அருகே பறவைகளுக்குத் தீனி தொங்கவிடாதீர்கள். பாதிப்புள்ள பகுதிகளிலிருந்து கிளை, விறகு, கன்று எதையும் கொண்டுவராதீர்கள். அங்கே நடந்து திரும்பினால் உடுப்பையும் சப்பாத்தையும் தட்டித் துடைத்துவிட்டு வாகனத்தில் ஏறுங்கள்.

மருந்து உண்டு. தண்டுக்குள் மருந்தேற்றும் ஊசியால் செலுத்தலாம். உரிமம் பெற்ற மரப் பராமரிப்பாளர்தான் செய்ய முடியும். கனடாவில் இதற்குப் பயன்படுத்துகிற மருந்துகளில் ஒன்றின் மூலப்பொருள் அசாடிராக்டின். வேப்பங்கொட்டையிலிருந்து எடுப்பது! வீட்டு வாசலில் வேம்பு வைத்து வளர்ந்த நமக்கு, பனிதேசத்து மரம் ஒன்று அந்தக் கொட்டையின் கசப்பால் பிழைக்கிறது என்பது பெரிய ஆறுதல். பசிபிக் கரையில் இந்தப் பூச்சியை இயற்கையாகத் தின்னும் லாரிகோபியஸ் என்ற சிறு வண்டையும் கிழக்குக் காடுகளில் விட்டு வளர்த்து வருகிறார்கள்.

பஞ்சைக் கண்டால் கிளையை முறித்துக் கையோடு கொண்டு திரியாதீர்கள். அங்கேயே நின்று, பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கனேடிய உணவு ஆய்வு முகமைக்கு அன்றே அறிவியுங்கள். பிறகு அயல்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களுடைய மரத்தையும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.